சம இடைவெளிக் கோடுகள்

எங்கள் அலுவலக ஆண்டு மலரில் ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி அரைப் பக்கம் போடுவார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் ஓய்வு பெற்றபோது, அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். "நேரம் தவறாதவர், அமைதியானவர், முப்பத்தோரு வருட அயராத உழைப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். எந்தத் தலைக்கும் பொருந்துகிற தொப்பி. அச்சில் பார்த்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. அரைப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அண்ணே என்பேன். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. பக்கத்து மேஜைக்காரி, அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் ஒரே ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஏதோ ஓர் உறவுமுறை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர் மகள் என்னை அத்தை என்பாள். அவர் மனைவி இருந்தவரை எனக்கு அண்ணி.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சுற்றிக் காந்த மண்டலம் ஒன்று இருக்கிறது. அது வெறும் வெட்டவெளி இல்லை. மின்னூட்டம் ஏறிய துகள்கள் அங்கே நிரம்பிக் கிடக்கின்றன. பிளாஸ்மா என்று சொல்வது அதைத்தான். அது சும்மா இருக்காது. யாரும் தூண்டிவிடாமல் தானாகவே அதிர்ந்து அலை எழுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் விண்கலம் பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வந்து, அந்த அலைகளைப் பதிவு செய்து அனுப்பும். திரையில் அது வண்ணப் படமாக விரியும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், அலை பலமாக இருந்தால் சிவப்பு, சோர்ந்திருந்தால் நீலம். ஒலியாக மாற்றி ஸ்பீக்கரில் கேட்கவும் கேட்கலாம். ஒரு வகை அலை விடியற்காலைக் குருவிக் கூட்டம் மாதிரி கீச்சிடும். அதற்கு எங்கள் அறையில் பெயர் குருவி. இன்னொன்று, யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டுப் போன மாதிரி இரைந்துகொண்டே இருக்கும், அது குழாய். பூமியில் மின்னல் வெட்டினால் அது அங்கே போய், மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சீழ்க்கையாகக் கேட்கும். இது குருவி, இது குழாய், இது கலத்தின் சொந்தச் சத்தம் என்று படம் படமாகப் பிரித்துக் குறிப்பதுதான் வாசிப்பாளர்களின் வேலை. வெளியே சொன்னால் பலபேர் வாயைப் பிளப்பார்கள். மூன்றாவது வருடத்தில் அது அரிசியில் கல் பொறுக்குகிற வேலையாகிவிடும்.

கலத்தின் சொந்தச் சத்தம் என்றேனே, அதுதான் பெரிய தலைவலி. கலத்திலும் மோட்டார் உண்டு, மின்சுற்று உண்டு, அவையும் முனகும். முனகலைக் கண்டுபிடிப்பதில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, சம இடைவெளியில் கோடுகள் அடுக்காக வந்தால், கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் என்பார்.

"இயற்கை ஸ்கேல் வச்சுக் கோடு போடாதும்மா."

இதை அவர் சொல்லி நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பூமிக்குப் பக்கத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி, சம இடைவெளியில் கோடு போடுகிற இயற்கை அலை ஒன்று உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. "அது கிட்டத்துல வர்றது. நம்ம கலம் போற தூரத்துல அது வராது" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கலம் அனுப்பும் தகவலின் அளவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வேண்டாத சத்தத்தைக் கீழே அனுப்பி இடத்தை அடைப்பானேன், மேலேயே வடிகட்டிவிடலாம் என்றார்கள். எதை வடிகட்டுவது என்ற பட்டியலுக்குத்தான் சல்லடை என்று பெயர். அதைத் தயாரித்தவர் என்பதால் பிறகு அவருக்கும் அதுவே பெயராயிற்று. சல்லடைக்குக் கறாரான ஒரு விதி உண்டு. முதல் வாசிப்பாளர் நூறு படங்களைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டாம் வாசிப்பாளர் அதே நூறு படங்களை, முதலாமவரின் குறிப்பைப் பார்க்காமல், வேறு அறையில் உட்கார்ந்து குறிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் இருவரும் கையெழுத்துப் போடலாம். பின்னால் அதில் ஒரு வரியை நீக்குவதென்றாலும் அதே இருவர்தான் போட வேண்டும். இரண்டாம் வாசிப்பாளர் நான்.

அந்த வாரம் அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கம்ப்யூட்டரோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அன்று காலைதான் கையை விரித்திருந்தார். அது எனக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

"நூறும் முடிச்சிட்டேன்மா. இன்னைக்குள்ள அனுப்பணும்" என்றார்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேண்ணே."

"ம்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வற்புறுத்தியிருந்தால் முடியாது என்றிருப்பேனோ என்னவோ. அவர் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அந்த மனுஷன் தவறுவாரா என்ற நம்பிக்கை ஒரு பக்கம், பாவமே என்கிற இரக்கம் ஒரு பக்கம். அந்த வராந்தாவிலேயே, ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சம இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அழித்துவிடு என்பது அந்தப் பட்டியலில் ஏழாவது வரி. ஓர் உணரியைச் சுழற்றும் மோட்டாரால்தான் அந்தக் கோடுகள் வருகின்றன என்று பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார். சல்லடை அழித்தது அழித்ததுதான். தலைகீழாக நின்றாலும் திரும்ப வராது. எத்தனை தடவை அழித்தது என்ற ஒரே ஓர் எண் மட்டும் ஒவ்வொரு சுற்றின் அறிக்கையிலும் கடைசியில் வரும். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆறாம் நாள் அண்ணி போய்விட்டார். அதற்கு நாலாம் நாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். "என்னண்ணே, அதுக்குள்ள?" என்றேன். "வீட்ல என்ன பண்றது?" என்றார். அன்றைக்கு முப்பத்தெட்டுப் படம் குறித்தார். அழவில்லை, புலம்பவில்லை, ஒரு நாள்கூட அண்ணி பேரை எடுக்கவில்லை. முதலில் எல்லோரும் மனுஷன் கல்லுளிமங்கன் என்றார்கள். பிறகு சொல்வதற்கும் அலுத்துவிட்டது.

அவர் நாள் என்பது இதுதான். சாம்பல் நிறத்தில் ஐந்து சட்டை வைத்திருந்தார், ஐந்தும் ஒரே கடை. ஏழு பஸ் நிறுத்தத் தூரத்தை நடந்தே வருவார். பகல் பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறப்பார். இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வேகவைத்த முட்டை. முட்டை ஓட்டை உரித்து ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, மேஜைக்கு அடியில் இருக்கும் கூடையில் போடுவார். "ருசிச்சுச் சாப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று ஒரு நாள் சண்டைக்கே போனேன். "ருசி தெரியலம்மா" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பது போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகள் தூரத்து ஊரிலிருந்து போனில் பேசுவாள். "சாப்டீங்களாப்பா?", "சாப்டேன்", "தூங்கினீங்களா?", "தூங்கினேன்." அதோடு சரி. திங்கட்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டு, "அத்தை, அப்பா நிஜமாவே எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். நானும் "நல்லா இருக்கார்டா" என்பேன். வேறு என்ன சொல்வது? உயிர் இருக்கிறது, வேலை செய்கிறது, மற்றதெல்லாம் மரத்துவிட்டது என்று பெற்ற பெண்ணிடம் சொல்ல முடியுமா?

அண்ணி போன மறு வருடம் ஓர் ஆய்வு மாணவி வந்தாள். ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு வந்தாள். எங்கள் கலம் நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில், அவ்வளவு தொலைவிலும் சம இடைவெளிக் கோடுகள் இருந்தே ஆக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும் புரோட்டான்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் சுழலும், அதன் மடங்குகளில்தான் அலை எழும்பும், அதனால்தான் ஸ்கேல் வைத்த மாதிரி வரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். முன்பே கடிதம் எழுதியிருந்தாள். "அந்தப் பகுதியில் அப்படி எதுவும் பதிவாகவில்லை" என்று அண்ணன் இரண்டு வரியில் பதில் போட்டிருந்தார். நம்பாமல் நேரில் வந்தாள். அவர் படங்களைத் திறந்து காட்டினார். கோடு எதுவும் இல்லைதான். எப்படி இருக்கும்? சாயங்காலம் வரை பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "என் கணக்குதான் தப்பு போலிருக்கு சார்" என்று எழுந்தாள். அவர் "ம்" என்றார். ஆய்வை அவள் பாதியில் விட்டுவிட்டாள், ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு காதில் விழுந்தது. எனக்கும் கொஞ்சம் பாவமாக இருந்தது. சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை.

போன வருடம் கலத்தின் பேட்டரி நொண்டியடிக்க ஆரம்பித்தது. இன்னும் பத்தொன்பது நாள்தான், அதன்பிறகு அணைத்துவிடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அண்ணன் ஓய்வு பெறுவதும் அதே மாதம். இருக்கிற மின்சாரத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு கருவியாக நிறுத்தினார்கள். ஏழாவது வரியில் சொன்ன அந்த உணரியையும், அதைச் சுழற்றும் மோட்டாரையும் ஒரு திங்கட்கிழமை விடியும் முன்பே நிறுத்தினார்கள்.

அன்று மத்தியானம் அவர் முட்டையை உரிக்கவில்லை. டப்பா மூடியபடியே இருந்தது.

"இங்க வாம்மா" என்றார்.

அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினார். ஏழாவது வரி அழித்தவை: நாற்பத்தொன்று. முந்தைய சுற்றில் நாற்பத்து மூன்று.

"அதுக்கென்ன?"

"மோட்டார் நின்னு போச்சும்மா. சைபர் வரணும்."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மோட்டாரே ஓடாதபோது மோட்டாரின் கோடுகளை எப்படி அழிக்க முடியும்? அப்படியானால் பதினொரு வருடமாக நாங்கள் அழித்தது மோட்டாரை இல்லை. அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைத்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. "ஏழாவது வரிய எடுக்கணும். மிச்ச சுற்றுலயாவது வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வரியை நீக்கும் படிவத்தை அன்று மாலையே நிரப்பி என் மேஜையில் வைத்தார். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இயற்கை அலையை இயந்திரச் சத்தம் என்று தவறாகக் குறித்தோம். இரண்டாம் வாசிப்பு நடைபெறவில்லை."

"என்னண்ணே இது? இப்படியா எழுதுவாங்க?"

"நடந்ததத்தானே எழுதியிருக்கேன்?"

"சோதனைக்காகன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது."

"சோதனைன்னா மூணு பேர் கமிட்டி பாக்கணும். ரெண்டு வாரம் ஆகும். தப்புன்னு எழுதினாத்தான் அன்னைக்கே எடுப்பாங்க."

சரியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த கலத்தின் வாசிப்புக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போடும் கோப்பு அந்த வாரம்தான் மேலே போயிருந்தது. படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளை யார் தலைவியாக்குவார்கள்? நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவீர்கள், நான் இங்கேயல்லவா குப்பை கொட்ட வேண்டும் என்று கத்தினேன். இரக்கப்பட்டுப் போட்ட கையெழுத்துக்கு இதுதான் கைம்மாறா என்றும் கேட்டேன். அண்ணியின் கடைசி வாரத்தைச் சொல்லிக்காட்டினேன். நாக்கு கூசவில்லை. அவர் படிவத்தை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்தார்.

செவ்வாய் காலை படிவம் மறுபடி என் மேஜையில் இருந்தது. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார். புதனும் அப்படித்தான். வியாழனும் அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டாரில்லை. பத்து மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசி வரி முப்பத்தொன்பது, நாற்பத்து நாலு, நாற்பது என்று வந்துகொண்டே இருந்தது. நான் என் பாட்டுக்குக் குருவிகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். பயம் கூட அடங்கிவிட்டது. நாலாம் நாள் எனக்குள்ளேயும் ஒன்றும் அசையவில்லை. அவர் இத்தனை வருடம் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை நானே வாயைத் திறந்தேன்.

"அந்த ரெண்டாவது வாக்கியத்த எடுத்துடுங்க. தப்பு உங்களோடதுன்னு மட்டும் எழுதுங்க. போடறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

குத்தலே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது முடிந்திருக்கும். புதிய படிவத்தில், "முதல் வாசிப்பாளரின் பிழை" என்று மட்டும் எழுதினார். நான் போட்டேன். பிரிவுத் தலைவி படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். மத்தியானத்துக்குள் கட்டளை கலத்துக்குப் போய்விட்டது. அதற்குள் ஒன்பது சுற்று ஓடியிருந்தது.

சனிக்கிழமை காலை படம் வந்தது. அந்தப் பகுதியில் எப்போதும் மங்கலான நீலம்தான் இருக்கும். அன்று கோடுகள். கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்றாக, சிவப்பாக, யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. அண்ணன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு. கலம் பூமியை நோக்கி நெருங்க நெருங்க, காந்தப் புலம் கூடக் கூட, கோடுகளின் இடைவெளி லேசாக அகன்றுகொண்டே போயிற்று. மோட்டார் கோடு அப்படி அகலாது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். தாழ்வாக ஒரு ரீங்காரம் எழும்பி, ஏழு நிமிடம் இருந்து, அடங்கியது. அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. நான் கைக்குட்டையை நீட்டினேன். எதற்கு என்பது போலப் பார்த்தார்.

அடுத்த சுற்றுக்குக் கலம் பதில் சொல்லவில்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. பேட்டரி குறித்த நாளுக்கு முன்பே கைவிட்டுவிட்டது என்று ஞாயிறு அன்று தகவல் வந்தது.

அண்ணனின் கடைசி வேலை நாள். அதற்குள் அவர் எங்கெங்கோ விசாரித்து அந்தப் பெண்ணின் பள்ளிக்கூட எண்ணைக் கண்டுபிடித்திருந்தார். மகளிடம் பேசுகிற பழக்கத்தில் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நான் பக்கத்தில் என் நாற்காலியில் இருந்தேன். என் பதவிக் கோப்பு கையெழுத்தாகி முந்தின நாள்தான் வந்திருந்தது.

"அலை வாசிப்புப் பிரிவுலேர்ந்து பேசறேம்மா. பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க வந்திருந்தீங்க."

எதிர்முனையில் பிள்ளைகளின் கூச்சல். ஒரு கதவு சாத்தப்பட்டது.

"சொல்லுங்க சார்."

"நீங்க சொன்ன கோடு இருக்கும்மா. அன்னைக்கு நான்தான் அழிச்சிட்டு, இல்லன்னு காட்டினேன். உங்க கணக்கு சரிதான்."

"எத்தனை கோடு சார்?"

"பதினேழு."

"நான் பதினாறுன்னு போட்டிருந்தேன்" என்றாள். மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு கேட்டது. "எத்தனை சுற்றுல பாத்தீங்க சார்?"

"ஒண்ணுல."

"ஒண்ணேதானா?"

"அதுக்கப்புறம் கலம் போயிடுச்சும்மா."

"ஒண்ணே ஒண்ண வச்சு எதுவும் சொல்ல முடியாதே சார். ஒரு பத்து இருந்திருந்தாலும் போதும், விட்ட எடத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சிருப்பேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

அவர் அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னார். கலம் நின்ற தேதியையும் கேட்டாள். அதையும் சொன்னார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, மனசுக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"அன்னைக்கே எடுத்திருந்தா பத்து கெடச்சிருக்குமே சார். ஏன் எடுக்கல?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னாலதாம்மா தாமதம். எனக்கு மனசு வரல."

"சரி, விடுங்க சார்" என்றாள் அவள். உடனே வைத்துவிடவில்லை. பள்ளிக்கூட மணி அடித்து ஓயும்வரை போன் திறந்தேதான் இருந்தது. நான் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.